சேருவில: இரண்டு பழம் நிலங்களின் பொருத்தில் ஒரு செப்புப் படிவு

2024 ஓகஸ்ட் 8, வியாழன் – கன்னியா

திருகோணமலைக்கு வருகிறவர்கள் கோணேசர் கோயிலுக்கும் நிலாவெளிக் கடற்கரைக்கும் போவது வழமை. நாங்கள் வந்தது, மாவட்டத்தின் தெற்கே சேருவிலவை அண்டிய அரிப்பு என்னும் இடத்தில் உள்ள செப்பு, காந்தக்கல் படிவைப் பார்ப்பதற்கு. முத்துக்குளிப்புக்குப் பெயர்போன மன்னார் அரிப்பு வேறு, இது வேறு. 1971இல் அக்காலப் புவிச்சரிதவியல் அளவைத் திணைக்களத்தினர் இந்தப் படிவைக் கண்டறிந்தார்கள். இரும்பும் செம்பும் கலந்த தாது ஏறத்தாழ நான்கு மில்லியன் தொன் இருக்கும் என்று மதிப்பிட்டார்கள். அதன்பின் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியும் அங்கே சுரங்கம் எதுவும் எழவில்லை. செம்பு தோண்டப்படாததைப் பற்றி வருந்தி எழுதியவர்கள் உண்டு. அந்த இடத்தின் பெருமை செம்பில் இல்லை, அது கிடக்கும் நிலத்தின் அமைப்பில் இருக்கிறது என்பது நேரில் பார்த்தபின் என் உறுதியான எண்ணம்.

உடன் வந்தவர் என் பெரியம்மாவின் மகள். பேராதனையில் புவிச்சரிதவியல் படித்துவிட்டு, குழாய்க்கிணறுகளுக்கு இடம் பார்த்துச் சொல்லும் வேலையில் பல்லாண்டுகள் வன்னியிலும் கிழக்கிலும் நடந்து திரிந்தவர். பாறையைப் பற்றி இங்கே நான் எழுதுகின்றவற்றில் பெரும்பகுதி அக்கா நடந்தபடியே சொல்லித் தந்தது.

நேரே சேருவிலவுக்குப் போகாமல் முதலில் கன்னியாவுக்குப் போக வேண்டும் என்றார் அவர். வெந்நீர் ஊற்றுக்கும் செம்புக்கும் என்ன தொடர்பு என்று கேட்டேன். "இரண்டும் ஒரே கோட்டை ஒட்டி இருக்கின்றன, அங்கே போய்ப் பேசுவோம்" என்றார். காலை ஒன்பது மணிக்கே வெயில் முதுகைச் சுட்டது. கச்சான் காற்று புழுதியை அள்ளிக்கொண்டு மேற்கிலிருந்து வீசிக்கொண்டிருந்தது. ஆடி அமாவாசை கழிந்து சில நாள்களே ஆகியிருந்தபடியால் கிரியை செய்ய வந்த குடும்பங்கள் வாளிகளோடு கிணறுகளைச் சுற்றி நின்றன. ஏழு கிணறுகளும் அருகருகே இருந்தும் ஒன்றின் சூடு மற்றதன் சூடாக இல்லை. எல்லாம் நாற்பது பாகை செல்சியஸை அண்டியவைதாம். எங்களுக்கு முன்னால் நின்ற ஓர் அம்மா, நாங்கள் கேளாமலே தம் வாளியைத் தந்து, "முதல்ல காலுக்கு ஊத்திப் பாருங்கோ பிள்ளை, பிறகு தலைக்கு ஊத்தலாம்" என்றார்.

இலங்கையில் எரிமலை இல்லை. மழைநீர் பாறை வெடிப்புகளின் வழியாகக் கீழே இறங்கி, ஆழத்தில் சூடேறி, இன்னொரு வெடிப்பின் வழியாக விரைவாக மேலே வருகிறது. நிலத்துக்குள் ஒவ்வொரு கிலோமீற்றர் இறங்கும்போதும் ஏறத்தாழ 25 முதல் 30 பாகை வரை வெப்பம் கூடுகின்றபடியால், இதற்கு வேறு நெருப்பு வேண்டியதில்லை. கவனிக்க வேண்டியது இந்த ஊற்றுகள் இருக்கும் வரிசை. கன்னியாவிலிருந்து மகா ஓயா ஊடாகத் தெற்கே அம்பாந்தோட்டைப் பக்கம் வரை அவை சிதறிக் கிடக்கவில்லை. கிழக்கு இலங்கையை நீளவாட்டில் வெட்டும் ஒரு வளைந்த பட்டியை ஒட்டியே பெரும்பாலும் இருக்கின்றன. அந்தப் பட்டியின் மேற்கே இருப்பதை ஹைலண்ட் தொகுதி என்றும் கிழக்கே இருப்பதை விஜயன் தொகுதி என்றும் அழைக்கிறார்கள். சேருவிலச் செம்பும் அதே பட்டியில் இருக்கிறது. தெற்கே உஸ்ஸங்கொடையில் புல்லன்றி மரம் வளராத செந்நிலமாகக் கிடக்கும் சேர்ப்பென்ரைன் பாறையும் அங்கேதான். ஒரு நாட்டின் பாறை வரைபடத்தில் இத்தனை விசித்திரங்கள் ஒரே கோட்டில் வந்து நின்றால், அந்தக் கோடு வெறும் கோடாக இருக்க முடியாது.

மாலையில் நகரச் சந்தைக்கு அருகே பாரை மீன் குழம்பும் முருங்கைக்கீரை வறையும் போட்டுச் சோறு சாப்பிட்டோம். ஒரு சாப்பாடு 450 ரூபாய். மீன் அன்று காலை பிடித்தது என்று கடைக்காரர் சொன்னது பொய்யில்லை.

2024 ஓகஸ்ட் 9, வெள்ளி – கிண்ணியா, மூதூர், சேருநுவர

கொட்டியாரக் குடாவைச் சுற்றிக்கொண்டு போகும் பாதை இது. ஒரு காலத்தில் திருகோணமலையிலிருந்து மூதூருக்கு இயந்திரப் படகில்தான் போவார்கள். தரைவழி வந்தால் கிண்ணியாவிலும் உப்பாற்றிலும் மகாவலி கங்கையிலும் இறால்குழியிலும் மிதவைப் பாலங்களுக்காகக் காத்துக் கிடக்க வேண்டும். 2009இல் திறக்கப்பட்ட 396 மீற்றர் நீளமுள்ள கிண்ணியாப் பாலமும் பின்னர் வந்த மற்றப் பாலங்களும் அந்தத் தொல்லையைத் தீர்த்தன. இவற்றில் சில மகாவலியின் கைவேலை. மத்திய மலைகளின் பாறையை அரைத்துக் கொண்டுவந்த மண்ணை ஆறு இங்கே விரித்துவிட்டிருக்கிறது. அதனால் பாறையைத் தேடி வந்தவர்களுக்கு முதல் முப்பது கிலோமீற்றரில் கண்ணில் படுவது வயலும் சேறும் தாமரைக் குளமும்தான். படிவு இத்தனை காலம் கண்ணில் படாமல் இருந்ததற்கு இந்த வண்டல் போர்வையும் ஒரு காரணம் என்றார் அக்கா.

கிண்ணியாவில் பேருந்து நின்றது நின்றபடியே இருந்தது. ஜும்ஆத் தொழுகை முடியும் வரை நடத்துனர் வரமாட்டார் என்று பக்கத்து இருக்கைப் பெரியவர் சொன்னார். "வெள்ளிக்கிழமை பகல்ல பயணம் வைக்கப்படாது மகள், இறங்கி ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வாங்க" என்று தாமே எழுந்து வழிகாட்டினார். ஐம்பது ரூபாய்க்கு இஞ்சி போட்ட பிளேன்ரீ. அதற்குப் பணம் எடுக்கப் போனபோது அவர் கொடுத்து முடித்திருந்தார். வற்புறுத்தியும் வாங்கவில்லை.

மூதூரில் இறங்கி, தோப்பூரைச் சேர்ந்த ஒரு ஓட்டோக்காரரை அமர்த்தினோம். நாற்பதைத் தாண்டியவர். அக்கா அவரைக் காக்கா, அதாவது அண்ணன், என்று அழைத்தார், அவர் எங்கள் இருவரையும் ரீச்சர் என்றே அழைத்தார். மறுநாள் முழுவதற்கும் சேர்த்து 7,000 ரூபாய் பேசினோம். செம்பு இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும் என்றதும், "செம்பு அங்க இருக்கெண்டு சின்ன வயசில இருந்து கேள்விப்படுறன், ஒருத்தரும் எடுத்ததில்ல, நீங்களும் எடுக்கப் போறல்லதானே?" என்று நிச்சயப்படுத்திக்கொண்டார்.

சேருவில விகாரை பின்னேர வெயிலில் வெள்ளையாக எழுந்து நின்றது. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் காவன்தீச மன்னன் கட்டியதாக மரபு. அடியார் கூட்டம் இல்லாத நேரம். படிக்கட்டில் நின்று கிழக்கே பார்த்தால் கடல் வரை தாழ்ந்த சமநிலம். மேற்கே சிறு குன்றுகள் வடக்குத் தெற்காக ஓடுகின்றன. அக்கா கையை நீட்டி அந்தக் குன்றுகளின் ஓட்டத்தைக் காட்டினார். குவாட்சைற்று என்னும் இறுகிய மணற்பாறையும் சலவைக்கல்லும், கார்னெற்று மணிகள் நிறைந்த, வரிவரியாக உருமாறிய நைஸ் என்னும் பாறையும் மாறிமாறி அடுக்கிய ஹைலண்ட் நிலம் அது. கடினமான அடுக்கு குன்றாகவும் மெலிந்த அடுக்கு பள்ளமாகவும் நிற்கிறது. சென்னைக்குப் பக்கத்துப் பல்லாவரத்துக் குன்றுகளில் காணும் சாணோக்கைற்றுப் பாறைக்கு இங்கேயும் உறவு உண்டு. இந்து சமுத்திரம் பிறக்கும் முன் இவை எல்லாம் ஒரே நிலத்தின் பகுதிகள்.

தங்கிய அறையில் இரவு எட்டு மணிக்கு மின்சாரம் போய், விடியற்காலைதான் வந்தது. நுளம்புக் கடியைவிடப் புழுக்கம் பெரிதாக இருந்தது. வீட்டுக்காரப் பெண்மணி, சிங்களவர், தமிழ் அரைகுறையாகப் பேசுவார். பனை விசிறி ஒன்றைக் கொண்டுவந்து தந்துவிட்டு, யானை வரும், இரவில் முற்றத்துக்கு இறங்க வேண்டாம் என்று மூன்று முறை சொல்லிப் போனார்.

2024 ஓகஸ்ட் 10, சனி – அரிப்பு

காலை ஐந்தரைக்கே புறப்பட்டோம். பத்து மணிக்குப் பிறகு அந்த நிலத்தில் நிற்க முடியாது என்று காக்கா எச்சரித்திருந்தார். வீட்டுக்காரப் பெண்மணி பால்சோறும் கட்டைச் சம்பலும் வாழையிலையில் கட்டித் தந்தார், பணம் வேண்டாம் என்றார். தார்ப்பாதை முடிந்து கிரவல் பாதை, அதுவும் முடிந்து வண்டித்தடம். யானை வேலியைக் கடந்ததும் வீரை, பாலை, கருங்காலி என்று உலர்ந்த காடு, இடையிடையே, காடு வெட்டி எரித்துப் பயிரிட்டுப் பின் கைவிடப்பட்ட சேனைகள். முள்ளொன்று ஏறி ஓட்டோவின் சில்லில் காற்றுப் போனது. காக்கா அதை மாற்றிக்கொண்டிருந்த வேளையில் பக்கத்துச் சேனையிலிருந்து ஒரு கமக்காரர் வந்தார். அறுபது வயதிருக்கும். அக்கா சிங்களத்தில் வந்த காரியத்தைச் சொன்னார். எழுபதுகளில் துளையிட வந்தவர்களிடம் தம் தகப்பனார் கூலிக்கு வேலை செய்தவர் என்றும், துளையிலிருந்து எடுத்த கல் உருளைகளைப் பெட்டியில் அடுக்கிச் சுமந்தவர் என்றும் சொல்லி, தாமே எங்களோடு நடந்தார்.

மலையையோ பெரும் பள்ளத்தையோ எதிர்பார்த்துப் போகிறவர் இந்த இடத்தைக் கடந்து போய்விடுவார். சற்றே மேடான, பற்றைக்காடு மூடிய நிலம். மண் மட்டும் வேறு. மற்ற இடங்களில் சாம்பல் நிறத்து மணலாக இருந்தது இங்கே கருஞ்சிவப்பாக மாறி, காலின்கீழ் பொரிந்தது. கந்தகச் சேர்வையாக இருக்கும் இரும்பும் செம்பும் மழைநீரும் காற்றும் படும்போது சிதைகின்றன. இரும்பு துருவாகி அதே இடத்தில் தங்கிவிடுகிறது. செம்பு நீரில் கரைந்து கீழே போகிறது. ஆகவே செம்புப் படிவின் மேல் நிற்கிறவர் முதலில் பார்ப்பது செம்பை அன்று, இந்தத் துருவை. கரைந்துபோகும் செம்பு வழியில் சுண்ணாம்புக் கலப்புள்ள பாறையைச் சந்தித்தால் அதில் ஒட்டி மலகைற்று என்னும் பச்சைக் காபனேற்றாகப் படிகிறது.

அந்தப் பச்சையைக் காண ஒரு மணித்தியாலம் ஆனது. கமக்காரர் ஓடைக்கரையில் ஒரு கல்லைப் புரட்டிக் காட்டினார். உள்ளங்கை அகலமுள்ள கல். ஒரு பக்கம் முழுக்கக் கறுப்பு, அதன் விளிம்பில் இருந்த வெடிப்பில் மட்டும் நகக்கண் தடிப்பில் பச்சைப் படலம். கோயில் மணியில் காணும் களிம்பின் பச்சையைவிடச் செறிந்த நிறம். அக்கா பேனாக்கத்தியின் நுனியால் ஒரு துளி சுரண்டி, பையிலிருந்த தேசிக்காயைக் கீறி இரண்டு சொட்டுப் பிழிந்தார். உருப்பெருக்கும் கண்ணாடியை என் கண்ணுக்கு நேரே பிடித்தார். பச்சைத் தூளைச் சுற்றிச் சிறு குமிழிகள் ஒன்றொன்றாக எழுந்து உடைந்துகொண்டிருந்தன. பிறகு பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய ஒரு காந்தத்தை நூலில் கட்டித் தொங்கவிட்டார். கல்லின் கறுப்புப் பக்கத்தை நெருங்கியதும் நூல் சரிந்து, காந்தம் டக்கென்று போய் ஒட்டியது. கல்லை வாங்கிப் பார்த்தேன். அந்த அளவுக் கருங்கல்லைப் போல ஏறத்தாழ இருமடங்கு கனம். கறுப்பாக இருந்தது மக்னரைற்று, தண்ணீரைவிட ஐந்து மடங்குக்கு மேல் அடர்த்தியான இரும்பு ஒட்சைட்டு. உடைந்த முகத்தில் அதன் மணிகளுக்கிடையே பித்தளை மஞ்சளில் மினுங்கிய புள்ளிகள் சல்கோபைரைற்று. செம்பும் இரும்பும் கந்தகமும் சேர்ந்த அந்தக் கனிமத்தின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் செம்பு.

திசைகாட்டியை எடுத்துப் பார்த்தோம். முள் ஓரிடத்தில் ஒரு திசையையும், பத்து அடி தள்ளி இன்னொரு திசையையும் காட்டியது. நிழலை வைத்தே அக்கா திசை குறித்தார். இப்படி முள் தடுமாறுவதை முறையாக அளந்துதான் தரைக்குக் கீழே தாது எங்கே போகிறது என்பதை அறிவார்கள். நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் காந்தமானியோடு நடப்பார்கள், மண்ணில் செம்பு எவ்வளவு என்று சோதிப்பார்கள், இரண்டும் கூடுகின்ற இடத்தில் துளையிடுவார்கள். அப்படிப் பார்த்ததில் தெரிந்தது ஒரே தொடர்ச்சியான படுகை அன்று. ஓரிடத்தில் தடித்து, ஓரிடத்தில் மெலிந்து, சிலவிடத்தில் அறுந்து போகும் வில்லை வில்லையான தாது. சுற்றியுள்ள பாறையோடு சேர்ந்து பிசையப்பட்டதன் அடையாளம் அது.

சுற்றியுள்ள பாறையை நாங்கள் அதிக நேரம் பார்த்தோம். பச்சை டயொப்சைட்டும் வெள்ளை ஸ்கபோலைற்றும் கறுப்பு ஹோர்ன்பிளெண்டும் ஆகிய கனிமங்கள் கலந்த, கல்சியம் மிகுந்த நைஸ் அது. ஒரு காலத்தில் சேற்றோடு கலந்த சுண்ணாம்புப் படிவாக இருந்து, பின் ஆழத்தில் வெந்து இப்படி ஆனது. தாது எப்படி வந்தது என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. உருகிய பாறைக்குழம்பு சுண்ணாம்புக்கல்லை ஊடறுத்தபோது அதன் சூடான நீர்மம் இரும்பையும் செம்பையும் அங்கே விட்டுச் சென்றது என்பது ஒரு கட்சி. கடலடியில் படிவுகள் சேரும்போதே உலோகங்களும் சேர்ந்தன, பின்னர் எல்லாம் ஒன்றாக வெந்தன என்பது மற்றது. தாதில் அபற்றைற்று என்னும் பொசுபேற்றுக் கனிமமும் இருப்பதனால் சுவீடனின் கிரூனா போன்ற இரும்புப் படிவுகளோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்போரும் உண்டு. அக்கா முதற்கட்சியின் பக்கம். எனக்குப் பக்கம் எடுக்கும் தகுதி இல்லை. ஆனால் மூன்று கருத்துக்கும் சான்று ஒரே கல்லில் இருப்பதைக் கையில் பிடித்துப் பார்த்தது பெரும் பாக்கியம்.

எப்படி வந்திருந்தாலும் பிறகு நடந்தது எல்லோருக்கும் பொது. ஹைலண்ட் பாறைகளின் மூலப்பொருள் 200 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டது. விஜயன் பக்கம் இளையது, ஏறத்தாழ 110 கோடியிலிருந்து 100 கோடி ஆண்டுகளுக்கு முன் எழுந்த கிரனைற்று வகைப் பாறைகள் அதில் மிகுதி. இரண்டும் வெவ்வேறு இடத்தில் வளர்ந்த நிலங்கள். கொண்டுவானா என்னும் பெருங்கண்டம் பொருந்திய காலத்தில், சுமார் 61 கோடி முதல் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், இவை மோதின. இருபது, முப்பது கிலோமீற்றர் ஆழத்தில், 700 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில், ஒரு பாயின் மேல் இன்னொரு பாயை இழுத்துவிட்டாற்போல ஹைலண்ட் நிலம் விஜயன் நிலத்தின் மேல் ஏறியது. பிற்காலத்தில் மேற்பாகம் அரித்துப் போகத் தெற்கே சில துண்டுகள் மட்டும் தனித்து எஞ்சின. கதிர்காமத்து மலைகள் அப்படி எஞ்சிய துண்டு என்று அக்கா சொன்னபோது, ஏழுமலை ஏறிய எத்தனை அடியார்கள் இதை அறிந்திருப்பார்கள் என்று நினைத்தேன். அரிப்பில் நாங்கள் நின்றது அந்த மோதலின் விளிம்பில். செம்பு இந்த விளிம்பை ஒட்டிக் கிடப்பதும், வெந்நீர் இந்த விளிம்பை ஒட்டி மேலே வருவதும் ஒரே கதையின் இரண்டு முனைகள்.

பத்தேகாலுக்கு அக்காவின் வலக்கால் சப்பாத்தின் அடித்தோல் வெயிலுக்குப் பசை இளகிப் பிரிந்து தொங்கியது. கமக்காரர் தம் இடுப்பிலிருந்த நைலோன் கயிற்றை அறுத்து, குறுக்கும் நெடுக்குமாக இறுக்கிக் கட்டிவிட்டு, தம் குடிலுக்கு அழைத்துப் போனார். எருமைத் தயிர்ச் சட்டியும் பாணியும் வந்தன. மூதூர்ப் பக்கத்துத் தயிரை நான் இதற்கு முன் கடையில் வாங்கிச் சாப்பிட்டதுண்டு. உறைந்த அன்றே, புகைமணம் மாறாமல் சட்டியிலிருந்து வெட்டி எடுத்துச் சாப்பிடுவது வேறு அனுபவம். குடிலின் படங்குக் கூரை காற்றில் பறக்காமல் இருக்க நான்கு மூலையிலும் தொங்கவிட்டிருந்த கற்களைக் காட்டி அக்கா என்னை நோக்கிச் சிரித்தார். நான்கும் கறுப்பு, நான்கிலும் காந்தம் ஒட்டியது. நல்ல கனம், இதைப்போல வேறு கல் இந்தப் பக்கம் இல்லை என்றார் கமக்காரர்.

ஏன் தோண்டவில்லை என்ற கேள்வி அங்கேயும் வந்தது. காக்கா யுத்தம் என்றார். அது உண்மைதான். 1983 முதல் 2009 வரை இந்தப் பக்கம் பாறை பார்க்க நடமாடுவது எளிதாக இருக்கவில்லை. 2006 யூலையில் மாவிலாற்று அணைக்கதவு மூடப்பட்டதைத் தொடர்ந்து இந்தச் சுற்றுவட்டாரம் முழுவதும் போர்க்களமாகி, சேருவிலவும் மூதூரும் ஈச்சிலம்பற்றும் இடம்பெயர்ந்தன. ஆனால் யுத்தம் முடிந்தும் பதினைந்து ஆண்டுகள் ஆகிவிட்டன. பெரிய காரணம் கணக்கில் இருக்கிறது. நான்கு மில்லியன் தொன் தாதில் நூற்றுக்கு இரண்டு பங்கு செம்பு என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் கிடைப்பது 80,000 தொன். உலகச் சுரங்கங்கள் இன்று ஆண்டொன்றுக்கு 20 மில்லியன் தொன்னுக்கு மேல் செம்பு தருகின்றன. அரிப்பின் முழுச் செம்பும் உலகத்தின் இரண்டு நாள் தேவைக்குக் காணாது. இரும்பை மட்டும் எடுப்போம் என்றால், அதோடு பிணைந்திருக்கும் செம்பும் கந்தகமும் உருக்கின் தரத்தைக் கெடுக்கும். இரண்டையும் பிரிக்கத் தூளாக அரைத்து மிதக்கவிட வேண்டும். மிஞ்சும் கந்தகத் தூளில் மழை பட்டால் அமிலம் ஊறும். அது இறங்கிப் போகும் இடம் அல்லை நீர்ப்பாசனத்தில் விளையும் வயல்கள்.

கமக்காரர் இதையெல்லாம் அக்கா சிங்களத்தில் விளக்கக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, தமக்குத் தண்ணீர் கெடாமல் இருந்தால் போதும் என்றார். கல்லை உடைக்கவோ எடுத்துச் செல்லவோ எங்களிடம் அனுமதிப்பத்திரம் இல்லை. 1992ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம் அதைக் கோருகிறது. பச்சை படிந்த கல்லை ஓடைக்கரையில் எடுத்த இடத்திலேயே வைத்தோம்.

2024 ஓகஸ்ட் 11, ஞாயிறு – வெருகல், கதிரவெளி

எல்லையின் மறுபக்கத்தைப் பாராமல் போவது அரைகுறைப் பயணம் என்று அக்கா வற்புறுத்தியதனால், ஊர் திரும்புவதற்கு முன் தெற்கே போனோம். புதிய சப்பாத்து சேருநுவரக் கடையில் 2,800 ரூபாய். வெருகல் சித்திரவேலாயுதர் கோயிலடியில் இறங்கி, கும்பிட்டுவிட்டு, ஆற்றைக் கடந்து கதிரவெளிப் பக்கம் நடந்தோம்.

இங்கே பாறை சொல்லும் செய்தி உடனே மாறிவிடுகிறது. கார்னெற்று இல்லை, குவாட்சைற்று வரிசை இல்லை, சலவைக்கல் இல்லை. இளஞ்சிவப்பும் சாம்பலுமாக வரி வரியாக ஓடும் கிரனைற்று நைஸ், அதன் நடுவே கறுத்த ஹோர்ன்பிளெண்டுக் கீற்றுகள். முந்திய நாள் கண்ட கல்லோடு இதற்கு உறவு இல்லை என்பதை, பாடம் படியாத நான்கூடப் பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடிந்தது. இரண்டு இடங்களுக்கும் இடையே ஓட்டோவில் ஒரு மணித்தியாலமும் ஆகவில்லை.

பாறையருகே குனிந்து நின்ற எங்களை இரண்டு இளைஞர்கள் வந்து விசாரித்தார்கள். குரலில் கடுமை இருந்தது. "இல்மனைற்றுக்கு அளக்க வந்தனீங்களோ?" கதிரவெளிக் கரையில் இல்மனைற்று கலந்த கனிய மணல் எடுக்கும் முயற்சிக்கு ஊர்மக்கள் சில ஆண்டுகளாகவே எதிர்ப்புத் தெரிவித்து வருகிறார்கள். கடற்கரை மண்ணைத் தோண்டினால் நன்னீர்க் கிணறுகள் உவராகும் என்பது அவர்கள் அச்சம். அந்தக் கேள்விக்கு அவர்களுக்கு முழு உரிமையும் உண்டு. அக்கா தம் அடையாள அட்டையைக் காட்டி, குழாய்க்கிணறு பார்க்கும் தொழிலில் இருந்ததைச் சொன்னார். உடனே பேச்சு வேறாயிற்று. தம் வீட்டுக் கிணறு ஆவணியில் வற்றுகிறது, எங்கே வெட்டலாம் என்று ஒருவர் கேட்டார். முற்றத்துப் பாறையின் வெடிப்பு ஓடும் திசையைப் பார்த்து, கிழக்கு வேலியோரத்தைக் காட்டினார் அக்கா. அவர்கள் வீட்டில் குரக்கன் பிட்டும் நண்டுக் குழம்பும் சாப்பிட வேண்டியதாயிற்று.

கதிரவெளியில் பெருங்கற்காலக் கல்லறைகள் உண்டு. பலகைக் கல் நிறுத்தி மேலே மூடுகல் வைத்தவை. சேருவிலச் செம்பை அக்கால மக்கள் அறிந்து பயன்படுத்தியிருக்கலாம் என்று தொல்லியலாளர் சுதர்சன் செனவிரத்ன ஆராய்ந்து எழுதியிருக்கிறார். நேரில் பார்த்தபின் எனக்கு அது இயல்பாகவே படுகிறது. உலகச் சந்தைக்குப் போதாத படிவு ஒரு குடியிருப்புக்கு மிகப் பெரியது. மேலே பச்சை தெரியும், ஓடை அறுத்துக் காட்டும், எரிக்க விறகு சுற்றிலும் உண்டு. மலகைற்றைக் கரியோடு சேர்த்துச் சூடாக்கிச் செம்பு பெறுவது சல்கோபைரைற்றிலிருந்து பெறுவதைவிட எளிது. அவர்களுக்கு வேண்டியது அந்த மெல்லிய மேற்படலம் மட்டுமே, அதன் கீழே இருப்பதை அவர்கள் தொட வேண்டியிருக்கவில்லை.

போக விரும்புகிறவர்களுக்குச் சில செய்திகள். மழைக்காலத்தில், கார்த்திகை முதல் தை வரை, வண்டித்தடம் சேறாகிவிடும். ஆனி, ஆடி, ஆவணி நல்லது, விடியற்காலையில் போய்ப் பத்துமணிக்குள் திரும்பிவிட வேண்டும். சேருநுவர தாண்டினால் கடை இல்லை, ஆளுக்கு மூன்று லீற்றர் தண்ணீர் கொண்டுபோக வேண்டும். யானைக்காக ஊர்க்காரர் ஒருவரை உடன் அழைத்துச் செல்வது கட்டாயம். சேனை வழியே நடப்பதற்குக் காணிக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சுத்தியல் வேண்டாம். ஒரு காந்தமும் நூலும் உருப்பெருக்கும் கண்ணாடியும் ஒரு தேசிக்காயும் போதும்.